வலிக்காத குதிகால்

முதலில் வலித்தது விலா. தஞ்சாவூரிலிருந்து புதுக்கோட்டை திரும்பும் வண்டியில், கந்தர்வக்கோட்டை தாண்டியதும், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாவுக்கு டிக்கெட் கொடுக்கக் குனிந்தேன். இருக்கையின் கம்பி வலது விலாவில் பட்டது. இடித்துக்கொண்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது. சாய்ந்தேன், அவ்வளவுதான். உள்ளே ஏதோ சுள்ளென்றது. அந்த அம்மா சில்லறையை நீட்டியபடி என் முகத்தைப் பார்த்தார்.

"என்னப்பா, ஒனக்கு இப்படி வேர்க்குது?"

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த இருக்கைக்கு நகர்ந்தேன்.

நான் அரசுப் பேருந்தில் நடத்துனர். ஊர் ஆவூர். மனைவி ரீத்தா பக்கத்து ஊர் நடுநிலைப்பள்ளியில் ஆசிரியை. மகள் திருச்சியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அன்று வரை காய்ச்சல், சளி தவிர ஆஸ்பத்திரிக்குப் போனவன் இல்லை. நின்றுகொண்டே செய்கிற வேலையில் எல்லாருக்கும் எங்காவது வலிக்கும். டிப்போவில் யாரிடம் கேட்டாலும் இடுப்பு, முட்டி, கழுத்து என்று ஒரு பதில் இருக்கும். என்னுடையதையும் அந்தக் கணக்கில்தான் சேர்த்தேன்.

விலா ஆறுவதற்குள் இடுப்பு பிடித்தது. பிறகு தொடை. பிறகு இரண்டு பாதங்களின் மேற்பக்கம். ஒரே இடத்தில் நிற்காத வலி அது. காலையில் கட்டிலிலிருந்து எழ, முதலில் ஒருக்களித்து, கையை ஊன்றி, மூச்சைப் பிடித்து உட்கார வேண்டியிருந்தது. நடக்கும்போது உடம்பு இரண்டு பக்கமும் ஆடியது. எனக்குத் தெரியவில்லை. ரீத்தாதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது பின்னாலிருந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"ஏங்க, வாத்து மாதிரி நடக்குறீங்க. வெளையாடுறீங்களா, இல்ல நெசமாவே அப்படித்தான் வருதா?"

நெசமாகவே அப்படித்தான் வந்தது.

புதுக்கோட்டையில் எலும்பு மருத்துவர் எக்ஸ்ரே எடுத்தார். விலாவில் கீறல்கள் இருந்தன. ஒன்று பழையது, இரண்டு புதியவை. எங்கே விழுந்தீர்கள் என்று கேட்டார். விழவே இல்லை என்றேன். அவர் நம்பாதது முகத்தில் தெரிந்தது. சுண்ணாம்புச்சத்து மாத்திரையும், வைட்டமின் டி ஊசியும் எழுதிக் கொடுத்து ஓய்வெடுக்கச் சொன்னார். மாதங்கள் போயின. கீறல்கள் ஆறவில்லை. புதிதாக இடுப்பெலும்பில் ஒன்று சேர்ந்திருந்தது.

ரீத்தாவின் அண்ணன் அருள் வாடகைக் கார் ஓட்டுகிறார். அவர் என்னை எண்ணெய் தேய்த்து நீவிவிடும் ஒருவரிடம் அழைத்துப்போனார். நல்ல மனிதர்தான், மெதுவாகத்தான் நீவினார். மறுநாள் இடது விலாவிலும் மூச்சு விட முடியாதபடி வலித்தது. அருள் அதற்குப் பிறகு பல நாள் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அவர் மேல் தப்பில்லை என்று அப்போது எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

இந்தக் காலத்தில் நடந்த ஒன்றை யாரிடமும் சொல்லவில்லை. பேருந்தின் மேல்கம்பியைப் பிடித்து நிற்பது எனக்குப் பழக்கம். கை தானாகப் போகும். அந்தக் கை ஒருநாள் கம்பிக்குக் கீழே காற்றைப் பிடித்தது. புது வண்டி, கம்பியை உயரத்தில் வைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். மறுநாள் பழைய வண்டி. அதிலும் எட்டவில்லை. குதிகாலை உயர்த்தித்தான் பிடிக்க முடிந்தது. மனிதன் நடு வயதில் வளர மாட்டான் என்று தெரியும். குறைவான் என்று தெரியாது. யாரிடம் போய், என்னவென்று சொல்வது?

டிப்போவில் சிலர், லேசான வேலை வாங்கத்தான் நாடகம் போடுகிறேன் என்று பேசிக்கொண்டார்கள். ஒரு பொது மருத்துவர் எல்லாச் சோதனையும் சரியாக இருப்பதைக் காட்டி, மனக்கவலை ஏதாவது உண்டா என்று கனிவாகவே கேட்டார். அந்தக் கனிவுதான் என்னைப் பயமுறுத்தியது. ஒருவேளை எல்லாம் என் மனசில்தான் இருக்கிறதோ என்று நானே என்னைச் சோதிக்க ஆரம்பித்தேன். வலியை நினைக்காமல் நடந்து பார்த்தேன். வீட்டுக் கொல்லையில், கொய்யா மரத்தடியில் கீழே விழுந்தேன். இந்தத் தடவை நிஜமாகவே விழுந்ததால், தொடை எலும்பில் கீறல் விட்டதற்கு ஒரு காரணமாவது இருந்தது.

அதோடு வேலைக்குப் போவது நின்றது. கம்பு வந்தது, பிறகு சக்கர நாற்காலி வந்தது.

அடுத்து ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அங்கே பெட் ஸ்கேன் (கதிர்மருந்து கலந்த சர்க்கரையை உடம்பில் ஏற்றி, எந்த இடம் அதை அதிகமாக இழுக்கிறது என்று காட்டும் படம்) எடுத்தார்கள். அறிக்கையைப் படித்த மருத்துவர் ரீத்தாவை மட்டும் உள்ளே கூப்பிட்டார். நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கதவருகே போய்விட்டேன்.

"எலும்புல நிறைய இடத்துல வெளிச்சம் தெரியுதும்மா. விலா, இடுப்பு, முதுகு. வேற எங்கயோ ஆரம்பிச்சது எலும்புக்குப் பரவியிருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது. திசு எடுத்துப் பார்க்கணும்."

'புற்று' என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. ரீத்தாவும் கேட்கவில்லை. அருளின் காரில் திரும்பினோம். அருள் வழியில் நிறுத்தி டீ வாங்கி வந்தார். ரீத்தா ஒரு வாய் குடித்துவிட்டு, "பாப்பாகிட்ட இப்ப சொல்ல வேணாங்க. பரிச்சை முடியட்டும்" என்றாள். சரி என்றேன். அந்த வாரங்களில் மகள் போனில் பேசும்போதெல்லாம் நான் விடுதிச் சாப்பாட்டைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தேன். அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அப்பாவுக்குச் சாம்பார் மேல் இவ்வளவு அக்கறை எப்போது வந்தது என்று பிறகு கேட்டாள்.

திசுப் பரிசோதனையில் புற்று இல்லை. எலும்பு இளகியிருக்கிறது என்று மட்டும் எழுதியிருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் ரீத்தா அந்த ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். அதுவரை நாங்கள் இரண்டு பேரும் அந்தப் படத்தைத் தொட்டதுகூட இல்லை.

"எங்கங்க ஒங்க காலு? தொடையோட நின்னுருச்சு."

"காலு இல்லாமத்தான் இம்புட்டு நாளா நடந்துருக்கேன் போல."

இருவரும் சிரித்தோம். விலா வலித்தது. ஆனாலும் சிரித்தோம்.

புற்று இல்லை என்றால் பின்னே என்ன? அந்தக் கேள்வியோடுதான் வேறொரு நகரத்தில் இருந்த அகச்சுரப்பி மருத்துவரிடம் (உடம்பில் சுரக்கும் ஹார்மோன்களின் கோளாறுகளைப் பார்ப்பவர்) போனோம். நடு வயதுப் பெண்மணி. கொண்டுபோன படங்களை எடுத்து வைத்துக்கொண்டார். ஆனால் உடனே பார்க்கவில்லை. முதலில் என்னைப் பார்த்தார். முதுகுத்தண்டை விரலால் தட்டினார். ஈறு, அக்குள், தொடை, உள்ளங்கால் என்று எல்லா இடத்தையும் தடவிப் பார்த்தார்.

"உயரம் குறைஞ்ச மாதிரி எப்பவாவது தோணுச்சா?"

ரீத்தா என்னைப் பார்த்தாள். அவளுக்கு நான் சொன்னதில்லை.

"பஸ்ஸுல மேல்கம்பி எட்ட மாட்டேங்குது மேடம். முன்னாடி எட்டும்."

அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார். எனக்குக் கண் கலங்கியது. நோய் என்னவென்று அப்போது தெரியாது. ஆனால் நான் சொன்னது ஒரு தகவலாக ஏற்கப்பட்டது, அது போதுமாக இருந்தது.

ரத்தத்தில் பாஸ்பேட் (எலும்பைக் கெட்டிப்படுத்தும் தாது உப்பு) பார்க்கச் சொன்னார். அதுவரை எடுத்த சோதனைகளில் அது இல்லை. எல்லாருக்கும் வழக்கமாகப் பார்க்கிற ஒன்றல்ல அது. மிகவும் குறைவாக இருந்தது. சிறுநீரில் நிறைய வெளியேறிக்கொண்டிருந்தது. இதே போலக் காரணம் தெரியாத எலும்பு வலியோடு இதைப் படித்துக்கொண்டிருப்பவர்களிடம் எனக்குச் சொல்ல ஒன்றுதான் உண்டு. உங்களுக்கும் இதே நோய்தான் என்று எண்ணிவிடாதீர்கள், இது அபூர்வமானது. ஆனால் பாஸ்பேட் பார்த்தாயிற்றா என்று மருத்துவரிடம் ஒருமுறை கேட்பதில் தவறில்லை.

மருத்துவர் ஒரு தாளில் சிறுநீரகத்தை வரைந்து காட்டினார்.

"உங்க கிட்னி கெட்டுப்போகல. நல்லாத்தான் இருக்கு. ஆனா பாஸ்பேட்டை வெளிய தள்ளு, வெளிய தள்ளுன்னு அதுக்கு ஒரு உத்தரவு வந்துகிட்டே இருக்கு. அதனால எலும்பு காய முடியாம ஈரச் செங்கல் மாதிரி இருக்கு. கனம் தாங்காம வளையுது, கீறல் விடுது. அந்த உத்தரவு எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிக்கணும்."

"எங்கிருந்து வரும் மேடம்?"

"சின்னக் கட்டி ஒண்ணு எங்கயாவது இருக்கும். பெரும்பாலும் சாதுவான கட்டிதான், பரவாது. ஆனா அதுலேருந்து ஒரு ஹார்மோன் சுரக்கும். பட்டாணி அளவுதான் இருக்கும். சில பேருக்கு அதவிடச் சின்னது. தாடையில இருக்கலாம், மூக்குக்குள்ள இருக்கலாம், தொடையில, கால்ல, எங்க வேணாலும்."

பிறகுதான் பெட் ஸ்கேன் படத்தைக் கையில் எடுத்தார். விலாவில் தெரிந்த வெளிச்சங்கள் எல்லாம் பரவிய நோயல்ல, ஆற முயன்று ஆறாமல் நிற்கும் முறிவுகள் என்றார். எலும்பு தன்னைத் தைத்துக்கொள்ளப் பாடுபடும் இடங்கள்தான் அப்படி எரிந்திருக்கின்றன. பிறகு படத்தின் அடி விளிம்பைத் தொட்டார்.

"பொதுவா இந்த ஸ்கேன் தொடை வரைக்கும்தான் எடுப்பாங்க. அவங்க தேடினதுக்கு அது போதும். நாம தேடுறது வேற. உச்சந்தலையிலேருந்து கால் கட்டைவிரல் வரைக்கும் எடுக்கணும். மருந்தும் வேற."

ரீத்தா மேசைக்கடியில் என் கையை அழுத்தினாள்.

அன்று மாலை எனக்குள் ஒரு மாற்றம். வலி அப்படியேதான் இருந்தது. ஆனால் அதன் மேல் எனக்கிருந்த கோபம் போய், அது என்ன, எப்படி, எங்கே என்று அறிகிற ஆசை வந்துவிட்டது. இரண்டு வருடமாக என் உடம்பு என்னை ஏமாற்றுகிறது என்று நினைத்திருந்தேன். அது ஏமாற்றவில்லை. வந்த உத்தரவுக்குக் கீழ்ப்படிந்திருக்கிறது. போக்குவரத்தில் வேலை பார்ப்பவனுக்கு அது புரியாதா? மேலிடத்திலிருந்து தடம் மாற்றச் சொன்னால் வண்டி மாறித்தான் போகும்.

பாஸ்பேட் தூளைத் தண்ணீரில் கரைத்து ஒரு நாளில் பலமுறை குடிக்கச் சொன்னார்கள். வயிற்றைக் கலக்கியது. கூடவே ஒரு வைட்டமின் மாத்திரை. கொஞ்சம் தெம்பு வந்தது. ஆனால் கட்டி இருக்கும்வரை ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது போலத்தான் என்று மருத்துவரே சொன்னார்.

இந்த இரண்டாவது ஸ்கேன் எடுக்கும் நாளில் எனக்கு நடுக்கமில்லை. இரும்புக் கதவு போட்ட அறையில் ஊசி போட்டார்கள். அதில் இருப்பது காலியம் என்ற உலோகத்தின் கதிர்வீசும் வகை. அதைக் கட்டியின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும் ஒரு மருந்தோடு கட்டி அனுப்புகிறார்கள். கொஞ்ச நேரத்திலேயே அதன் வீரியம் பாதியாகும், பிறகு அதிலும் பாதியாகும். ஊசி போட்ட செவிலியர், "இன்னைக்கு மட்டும் கைக்கொழந்தைங்க, மாசமா இருக்கவங்க பக்கத்துல ஒக்காராதீங்க" என்று சொல்லிவிட்டு என்னைத் தனியறையில் விட்டுப் போனார்.

அந்தத் தனிமையில் ஒன்றை யோசித்துக்கொண்டிருந்தேன். எக்ஸ்ரேயில் கதிர் வெளியிலிருந்து வந்து என்னைத் துளைத்துப் போகிறது. இந்த முறை கதிர் என் உள்ளிருந்து வெளியே வருகிறது. இயந்திரம் அதை வாங்கிக்கொள்கிறது. அந்த ஒரு நாள் நான்தான் விளக்கு. இதை நினைக்கச் சிரிப்பாகவும் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

குழாய் போன்ற இயந்திரத்துக்குள் பலகை மெதுவாக நகர்ந்தது. அசையக் கூடாது என்றார்கள். அசையாமல் இருப்பது எனக்கு அப்போது கைவந்த கலை.

படம் பார்த்த மருத்துவர் இளைஞர். என் ஊரைக் கேட்டார். அவர் அறந்தாங்கிப் பக்கம் என்றதும் அவர் பேச்சு எங்கள் ஊர்ப் பேச்சாக மாறிவிட்டது. அறிக்கை நாளைக்குத்தான் வரும் என்றார். நான் தயங்கித் தயங்கி, படத்தை ஒரு தடவை பார்க்கலாமா என்று கேட்டேன்.

"பாக்கலாமே. ஒங்க ஒடம்புதானே. இங்கிட்டு வாங்க."

நாற்காலியைத் திரைக்கு அருகில் தள்ளிக்கொண்டு ரீத்தாவும் வந்தாள். கறுப்புத் திரையில் ஒரு மனித உருவம் மங்கலாகத் தெரிந்தது. நடுவில் இரண்டு பெரிய நெருப்புத் துண்டுகள். ரீத்தா மூச்சை இழுத்தாள்.

"அது கிட்னிங்க. எல்லாருக்கும் எரியும்" என்றார் மருத்துவர். "இது மண்ணீரல். இது கல்லீரல். கீழ இருக்குறது மூத்திரப்பை. மருந்து அது வழியா வெளியேறுது, அதான் இம்புட்டு வெளிச்சம். மூளைக்கு அடியில பாருங்க, ஒரு பொட்டு. அதுவும் எல்லாருக்கும் உள்ளதுதான்."

மண்ணீரல் இடப்பக்கம் இருக்கிறது என்பது எனக்கு அன்றுதான் தெரியும். இத்தனை வருடம் அதைத் தூக்கிக்கொண்டு தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் போய் வந்திருக்கிறேன்.

அவர் படத்தைக் கீழே நகர்த்தினார். தொடைகள் இருட்டு. முழங்கால்கள் இருட்டு. கெண்டைக்கால் இருட்டு. எதுவுமே இல்லையோ? மறுபடியும் முதலிலிருந்தா? இவ்வளவு நேரம் வெளிச்சத்தைக் கண்டு பயந்தவன், இப்போது இருட்டைக் கண்டு பயந்தேன்.

இடது குதிகாலில் ஒரு புள்ளி. சின்னது. ஆனால் தெளிவானது. சுற்றிலும் வேறு எதுவுமில்லை.

"இந்தா இருக்கு" என்றார்.

நான் குனிந்து இடது குதிகாலைத் தொட்டேன். அமுக்கினேன். கட்டைவிரலால் பலமாக அமுக்கினேன். உடம்பில் கை வைக்க முடியாத இடமே அதிகம் என்றிருந்த நேரத்தில், அங்கே எந்த வலியும் இல்லை.

"டாக்டர், இங்க வலிக்கவே இல்லியே. மத்த எடமெல்லாந்தான் வலிக்குது."

"அது வலிக்காது. மத்த எடத்த வலிக்க வைக்கிறதுதான் அதோட வேல."

ஒரு புள்ளியை மட்டும் நம்பி முடிவெடுக்க மாட்டார்கள். பழைய முறிவும் சில நேரம் அப்படி எரியும் என்பதால், எம்ஆர்ஐ (காந்தப் புலத்தால் எடுக்கும் படம்) எடுத்து, குதிகால் எலும்புக்குள் கட்டி இருப்பதை உறுதி செய்தார்கள். பிறகு எங்கள் முன்னால் இரண்டு வழிகள் வைத்தார்கள். ஒன்று, எலும்பைத் திறந்து கட்டியைச் சுரண்டி எடுத்து, பள்ளத்தை நிரப்புவது. மற்றது, சிடி ஸ்கேன் (உடம்பைக் குறுக்குவெட்டாகக் காட்டும் எக்ஸ்ரே) படத்தைப் பார்த்தபடியே மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் இறக்கி, மின்னலைகளால் அதன் நுனியைச் சூடாக்கிக் கட்டியை வேகவைப்பது.

"வெட்டி எடுத்தா முழுசாப் போயிருமா சார்?" என்று ரீத்தா கேட்டாள்.

"போக வாய்ப்பு அதிகம். ஆனா இவர் எலும்பு இப்ப இருக்குற நிலைமையில, வெட்டின இடம் ஆற ரொம்ப நாளாகும். ஊசின்னா சின்ன ஓட்டைதான். துளி மிச்சமிருந்தா திரும்பச் செய்ய வேண்டி வரலாம். அதையும் மறைக்காமச் சொல்லிடறேன்" என்றார் ஊசிச் சிகிச்சையைச் செய்யும் மருத்துவர்.

வீட்டில் வாக்குவாதம். அருளுக்கு ஊசியில் நம்பிக்கையில்லை. "மாப்ள, வேரோட புடுங்கிரணும். அவிச்சு உள்ளயே விட்டா அது செத்துச்சா இல்லியான்னு யாரு பாக்குறது?" என்றார். நியாயமான கேள்விதான். ரீத்தா இரண்டு பக்கமும் பேசினாள். கடைசியில் என்னைக் கேட்டார்கள். ஆறாத எலும்போடு இரண்டு வருடம் இருந்தவன் நான். இன்னொரு எலும்பைத் திறக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஊசி என்றேன். அகச்சுரப்பி மருத்துவரும் அதையே சொன்னது தைரியம் கொடுத்தது.

முதுகில் மயக்க ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். விழித்திருந்தேன். திரையை நான் பார்க்க முடியுமா என்று கேட்டேன். மருத்துவர் முகக்கவசத்துக்கு மேலே புருவத்தை உயர்த்தினார்.

"பயமா இருக்காதா?"

"பாக்காட்டித்தான் சார் பயமா இருக்கு."

திரையை என் பக்கம் திருப்பினார்கள். சாம்பல் நிறத்தில் என் குதிகால் எலும்பு. நடுவே ஒரு கருமையான குழி. ஓரத்திலிருந்து ஒரு வெள்ளைக் கோடு உள்ளே வந்தது. அதுதான் ஊசி. எல்லாரும் அறையை விட்டு வெளியே போவார்கள், பலகை நகரும், படம் விழும், திரும்ப உள்ளே வருவார்கள். ஊசி ஒரு நூலளவு முன்னேறியிருக்கும். மறுபடியும் வெளியே, மறுபடியும் படம். ஒருமுறை கோடு குழியைத் தொடாமல் ஓரமாகப் போயிருந்தது. பின்னால் இழுத்து, சாய்வை மாற்றி, மீண்டும் இறக்கினார்கள். யாரும் அவசரப்படவில்லை. வெள்ளைக் கோட்டின் நுனி குழியின் மையத்தில் நின்றதும், பரிசோதனைக்கு ஒரு துணுக்கை எடுத்துக்கொண்டார்கள்.

"சூடு ஏத்துறோம்" என்றார் மருத்துவர்.

என் உடம்பில் ஓரிடம் வெந்துகொண்டிருந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வலியால் மட்டுமே உடம்பை அறிந்திருந்தவனுக்கு இது விசித்திரமாக இருந்தது. நடந்தவற்றில் பெரியவை இரண்டு, கட்டி வளர்ந்ததும் கட்டி வெந்ததும். இரண்டையும் உடம்பு எனக்குச் சொல்லவில்லை. இரண்டையும் படம்தான் சொன்னது.

தினமும் ரத்தம் எடுத்தார்கள். இந்த நோயில் ஜெயித்தோமா என்று சொல்வது வலியல்ல, ரத்தத்திலுள்ள பாஸ்பேட் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். முதல் முடிவில் பெரிய மாற்றமில்லை. ரீத்தா வெளியே போய் நின்றுகொண்டாள். அடுத்த முடிவைக் கொண்டுவந்த அகச்சுரப்பி மருத்துவர் கதவருகிலேயே நின்று, "ஏறுது" என்றார். ஒரே சொல். அவர் போன பிறகு ரீத்தா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, போர்த்தியிருந்த என் காலின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அழுகிறாளா என்று பார்த்தேன். தூங்கிவிட்டிருந்தாள்.

எடுத்த துணுக்கின் பரிசோதனையும் சாதுவான கட்டி என்றே வந்தது. தூள் குடிப்பதைப் படிப்படியாக நிறுத்தினார்கள். அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆனால் வீட்டுக்கு வந்த சில வாரங்களில் வலி முன்பைவிட அதிகமானது. பயந்துபோய் போன் செய்தோம்.

"எலும்பு ரொம்ப நாள் பட்டினி கிடந்துச்சு. இப்பதான் சாப்பாடு கிடைக்குது. எல்லாத்தையும் இழுக்குது. கொஞ்ச நாள் பொறுங்க" என்றார் மருத்துவர்.

பொறுத்தோம். ஒரு காலை கையை ஊன்றாமல் எழுந்தேன். பிறகு நாற்காலி போய் வாக்கர் வந்தது. வாக்கர் போய்க் கம்பு வந்தது. ஆவூர்க் கோயில் வரை நடந்துபோய், களைத்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பூசை முடிந்தது தெரியாமல் அங்கேயே இருந்த நாளும் உண்டு. விடுமுறைக்கு வந்த மகள் என்னைத் தன் பக்கத்தில் நிற்கவைத்துப் பார்த்தாள். அவள் என்னைவிட உயரமாக இருந்தாள். போன உயரம் திரும்பி வராது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். முதுகெலும்பு அமுங்கிய இடத்திலேயே கெட்டியாகிவிட்டது. சட்டைகள் எல்லாம் இப்போது நீளம். ரீத்தா மடித்துத் தைத்துக் கொடுத்தாள்.

டிப்போவில் எனக்கு அலுவலகத்தில் உட்காரும் வேலை கொடுத்திருக்கிறார்கள். வண்டிகள் புறப்படும் நேரத்தை அறிவிக்கிற வேலை. என்னை நாடகக்காரன் என்று சொன்ன நண்பர் ஒருவர் ஒருநாள் வந்து, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, "அந்தப் படத்த எனக்கும் காட்டுங்கண்ணே" என்றார். செல்போனில் காட்டினேன். குதிகால் புள்ளியைப் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தார். "இம்புட்டூண்டுதானா" என்று மட்டும் சொன்னார்.

முழுசாகக் குணமாகிவிட்டேன் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. பாஸ்பேட் அளவுக்குள் இருக்கிறது; கீழ்விளிம்பை ஒட்டியே இருக்கிறது. கட்டி செத்ததா இல்லையா என்று அருள் கேட்ட கேள்வி இன்னும் மூடப்படவில்லை. வருடா வருடம் பார்க்க வேண்டும். திரும்ப வந்தால் திரும்ப ஊசி.

போன முறை பரிசோதனைக்குப் போனபோது, மருத்துவர் பழைய எக்ஸ்ரேயையும் புதியதையும் அருகருகே வைத்துக் காட்டினார். பழையதில் தொடை எலும்பின் குறுக்கே ஒரு கறுப்புக் கீற்று. புதியதில் அது இல்லை. அந்த இடத்தில் எலும்பு கொஞ்சம் தடித்து, வெள்ளையாக இருந்தது.

"எப்ப மூடிச்சு மேடம்?" என்று கேட்டேன்.

"எந்த நாள்னு சொல்ல முடியாது. இந்த ரெண்டு படத்துக்கும் நடுவுல."

அந்த இரண்டு படங்களுக்கும் நடுவில் என்னவெல்லாம் செய்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். ரீத்தாவோடு சண்டை போட்டிருக்கிறேன். மழைக்கு முன் ஆள் வைத்து ஓடு மாற்றியிருக்கிறேன். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக அலைந்திருக்கிறேன். எல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் அந்த நாட்களில் நடந்த மிகப் பெரிய காரியம், ஒரு எலும்பு தன்னைத் தானே மூடிக்கொண்டது, அது மட்டும் எனக்குத் தெரியாது. என் காலத்தை நான் ஒரு பக்கம் கழித்துக்கொண்டிருக்க, உடம்பு தன் காலத்தை வேறொரு பக்கம், என்னிடம் கேட்காமல், கழித்துக்கொண்டிருக்கிறது.

வெளியே வந்தோம். லிஃப்ட் முன்னால் கூட்டம். இரண்டாவது மாடிதானே என்று படிக்கட்டில் இறங்கினோம். ரீத்தா தன் பள்ளியில் வந்திருக்கும் புதுத் தலைமையாசிரியரைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தாள். நான் கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவர் எந்த ஊர்க்காரர் என்று விசாரித்தபடி இறங்கிக்கொண்டிருந்தேன். பேச்சு பாதியில் நின்றது. திரும்பிப் பார்த்தேன். ரீத்தா எனக்கு மேலே நான்கைந்து படி தள்ளி, கைப்பிடியைப் பிடித்தபடி நின்று, என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. நீங்க போங்க, வாரேன்" என்றாள்.